இதயத்தை எழுத வைத்தவர்

நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்கு வருபவரை முதலில் கட்டிலில் படுக்க வைப்பார்கள். அவருடைய மார்பிலும் கை கால்களிலும் சிறிய பட்டைகளை ஒட்டி, அவற்றில் கம்பிகளை இணைப்பார்கள். சில நொடிகளில், சிறு கட்டங்கள் அச்சிட்ட தாளில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வெளிவரும். அந்தக் கோட்டைப் பார்த்தே, இதயத்தின் எப்பகுதி நலமாக இருக்கிறது, எப்பகுதி தடுமாறுகிறது என்பதை மருத்துவர் அறிந்துகொள்வார். ஈசிஜி என்று எல்லாரும் சொல்லும் இதய மின்வரைவு இதுதான்.

இன்று இக்கருவியைத் தாதி ஒருவரே தள்ளுவண்டியில் வைத்துக் கட்டிலுக்குக் கட்டில் கொண்டு செல்லலாம். முதன்முதலில் சரியாக இயங்கிய கருவியோ ஏறத்தாழ 270 கிலோகிராம் எடை கொண்டது. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டு நின்ற அதை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. அதன் நடுவில் மாபெரும் மின்காந்தம் ஒன்று இருந்தது. அந்தக் காந்தத்தின் இரு முனைகளுக்கும் இடையே, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஓர் இழை தொங்கியது. அந்த இழைதான் இதயத்தின் மின்னோட்டத்தை உணர்ந்தது. அதை உருவாக்கியவர் வில்லெம் ஐந்தோவன்.

ஐந்தோவன் நெதர்லாந்து நாட்டவர். எனினும், அவர் பிறந்த இடம் மலாயாவுக்குத் தெற்கே உள்ள ஜாவாத் தீவு. அத்தீவு அப்பொழுது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. அங்குள்ள செமாராங் நகரில் 1860ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் அவர் பிறந்தார். அவருடைய தந்தை யாக்கோப் அந்நகரில் மருத்துவராகப் பணியாற்றினார். வில்லெமுக்கு ஆறு வயதானபோது தந்தை காலமானார். ஆறு பிள்ளைகளுடன் தனித்து நின்ற தாயார், 1870ஆம் ஆண்டு குடும்பத்தோடு கப்பலேறி நெதர்லாந்துக்குத் திரும்பினார். அங்கு ஊட்ரெக்ட் என்னும் நகரில் அவர்கள் குடியேறினர். வெயிலும் மழையுமாக இருந்த ஊரில் வளர்ந்த பத்து வயதுச் சிறுவன், குளிர் மிகுந்த நாட்டில் புது வாழ்க்கையைத் தொடங்கினான்.

தந்தையைப் போலவே மருத்துவராக வேண்டும் என்பது வில்லெமின் எண்ணம். ஊட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயில இடம் கிடைத்தது. படிப்புச் செலவுக்கு ஒரு வழியும் கிடைத்தது. படித்து முடித்தபின் கிழக்கிந்தியத் தீவுகளில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றுவதாக ஒப்புக்கொண்டு அவர் உதவித்தொகை பெற்றார். அப்படியே நடந்திருந்தால், அவர் மீண்டும் ஜாவாவுக்கே சென்று அங்கேயே வாழ்நாளைக் கழித்திருக்கக்கூடும்.

அவர் எந்நேரமும் புத்தகத்தில் மூழ்கிக் கிடந்த மாணவர் அல்லர். உடற்பயிற்சியிலும் வாள்வீச்சிலும் படகு வலிப்பதிலும் அவருக்கு அளவற்ற ஆர்வம் இருந்தது. மாணவர்களுக்கான படகுக் கழகம் ஒன்றைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். ஒருமுறை உடற்பயிற்சிக் கூடத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையுடன் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. கை எப்படித் திரும்புகிறது, முழங்கை மூட்டு எவ்வாறு இயங்குகிறது என்று ஆராயத் தொடங்கிவிட்டார். அந்த ஆய்வு 1882ஆம் ஆண்டு கட்டுரையாகவே வெளிவந்தது. உடைந்த கையும் அவருக்கு ஒரு பாடமாயிற்று.

1885ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், லெய்டன் நகரப் பல்கலைக்கழகம் அவரை உடலியங்கியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது 25. அடுத்த ஆண்டு பதவியேற்றார். அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. இராணுவப் பணிக்குச் செல்ல வேண்டிய தேவை இல்லாமற்போனது. அன்று முதல் இறுதிவரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், லெய்டன் நகரின் ஆய்வுக்கூடமே அவருடைய உலகமாக இருந்தது.

அந்தக் காலத்தில் இதயத்தைப் பற்றி மருத்துவர்கள் எவ்வாறு அறிந்தார்கள்? நாடியைப் பிடித்துப் பார்த்தார்கள்; மார்பில் குழாயை வைத்துத் துடிப்பைக் கேட்டார்கள். துடிப்பு சீராக இல்லை என்பது தெரியும். அது ஏன் சீராக இல்லை என்பது தெரியாது. உயிரோடு இருப்பவரின் நெஞ்சைத் திறந்து பார்க்கவும் இயலாது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது என்பதை மட்டும் அறிவியலாளர்கள் அறிந்திருந்தார்கள். அந்த மின்னோட்டத்தை உடலின் மேற்பரப்பிலிருந்தே அளக்க முடிந்தால், நெஞ்சைத் திறக்காமலே உள்ளே நடப்பதை அறியலாம். ஆனால், தோலை வந்தடையும் அந்த மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். கைவிளக்கில் போடும் சிறு மின்கலத்தின் அழுத்தம் ஒன்றரை வோல்ட். அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

இலண்டனில் ஆகஸ்டஸ் வாலர் என்னும் உடலியங்கியல் அறிஞர் 1887ஆம் ஆண்டு இதை அளந்து காட்டினார். ஜிம்மி என்ற தம் செல்ல நாயையும் அவர் பல கூட்டங்களில் பயன்படுத்தினார். உப்புநீர் நிரம்பிய பாத்திரங்களில் பாதங்களை வைத்து நாய் அமைதியாக நிற்கும். அதன் இதயத்துடிப்பு கருவியில் அசைவாகத் தெரியும். நாயைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று பின்னாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. ஜிம்மிக்கு அதனால் எந்தத் துன்பமும் இல்லை. 1889ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் நடந்த உடலியங்கியல் மாநாட்டில் வாலர் தம் சோதனையைச் செய்து காட்டினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுள் ஐந்தோவனும் ஒருவர். வியப்பு என்னவென்றால், இந்த அளவீடு மருத்துவமனைகளில் பெரிதாகப் பயன்படும் என்று வாலரே நெடுங்காலம் நம்பவில்லை. ஐந்தோவன் நம்பினார்.

வாலர் பயன்படுத்திய கருவி பாதரசத்தால் இயங்குவது. மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிற்கும். அதன்மேல் அமிலம் இருக்கும். மின்சாரம் வந்ததும் பாதரசத்தின் விளிம்பு சற்று ஏறும் அல்லது இறங்கும். அந்த அசைவை ஒளியில் பெரிதாக்கிப் படமெடுப்பார்கள். இதிலிருந்த குறை பாதரசத்தின் மந்தம். இதயத்தின் மின்னோட்டமோ கண்ணிமைக்கும் நேரத்தில் எழுந்து அடங்குவது. பாதரசம் அசையத் தொடங்குமுன் மின்னோட்டம் முடிந்துவிடும். ஆகவே, படத்தில் கிடைத்த கோடு உண்மையான கோட்டின் மழுங்கிய நிழலாகவே இருந்தது.

ஐந்தோவன் முதலில் இதே கருவியைத்தான் வாங்கிப் பயன்படுத்தினார். அவருக்கு வேறொரு தொல்லையும் இருந்தது. அவருடைய ஆய்வுக்கூடம் கற்கள் பாவிய பழைய தெருவின் ஓரத்தில் இருந்தது. குதிரை வண்டிகள் கடகடவென்று போகும்போதெல்லாம் கட்டடம் அதிர்ந்தது. கட்டடம் அதிர்ந்தால் பாதரசமும் ஆடியது. இதயம் எழுத வேண்டிய கோட்டைக் குதிரைகள் எழுதிக்கொண்டிருந்தன! அவர் ஆய்வுக்கூடத்தின் தரையைப் பெயர்த்து, மூன்று நான்கு மீட்டர் ஆழத்திற்குக் குழி தோண்டச் செய்து, பெரிய பாறைகளை இட்டு நிரப்பி, அதன்மேல் கருவியை வைத்துப் பார்த்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். அப்படியும் போதிய பயன் கிட்டவில்லை.

அதனால் அவர் கணிதத்தை நாடினார். பாதரசம் எந்த அளவு தாமதமாக அசைகிறது என்பதை முதலில் கணக்கிட்டார். பிறகு, படத்திலிருந்த மழுங்கிய கோட்டின் ஒவ்வொரு புள்ளியையும் திருத்தி, உண்மையான கோடு எப்படி இருந்திருக்கும் என்று வரைந்தார். திருத்திய கோட்டில் ஐந்து வளைவுகள் தெரிந்தன. 1895ஆம் ஆண்டு அவற்றுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டார். ஏ, பி, சி, டி என்னும் முதல் எழுத்துகள், திருத்தாத பழைய கோட்டைக் குறிக்க ஏற்கெனவே பயன்பட்டுவிட்டன. எனவே, புதிய கோட்டுக்கு அகர வரிசையின் நடுவிலிருந்து எழுத்துகளை எடுத்துக்கொண்டார்.

கணக்கு சரிதான். ஆனால், நோயாளியின் ஒவ்வொரு துடிப்பையும் இப்படி உட்கார்ந்து கணக்கிட்டுக்கொண்டிருந்தால் மருத்துவம் நடக்குமா? கோட்டைத் திருத்துவதில் காலத்தைச் செலவிடுவதைவிட, திருத்தமே தேவைப்படாத கருவியைச் செய்வதே சிறந்தது என்று அவர் துணிந்தார். பல ஆண்டு உழைப்பில் கைவந்த முறையை ஒதுக்கி வைத்துவிட்டு, அடிப்படையிலிருந்தே தொடங்குவது எளிய முடிவன்று.

இந்த இடத்தில்தான் காந்தம் வருகிறது. மின்சாரம் பாயும் கம்பிக்கு அருகில் காந்த ஊசியை வைத்தால் ஊசி திரும்பும் என்பதை 1820ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் கண்டறிந்தார். இதன் மறுபக்கமும் உண்மை. காந்தம் அசையாமல் இருந்தால், மின்சாரம் பாயும் கம்பி பக்கவாட்டில் தள்ளப்படும். இந்த விதியைக் கொண்டு மின்னோட்டத்தை அளக்கும் கருவிக்குக் கால்வனோமீட்டர் என்று பெயர். ஐந்தோவன் காலத்தில் நல்ல கால்வனோமீட்டர்கள் இருந்தன. அவற்றில் காந்த முனைகளுக்கு இடையே ஒரு கம்பிச் சுருள் தொங்கும். அதனுடன் சிறு கண்ணாடியும் இருக்கும். மின்சாரம் வந்தால் சுருள் திரும்பும். சுருளில் சுற்றுகளைக் கூட்டினால் உணர்திறன் கூடும். ஆனால், எடையும் கூடும். எடை கூடினால் வேகம் குறையும். பாதரசத்தில் கண்ட அதே மந்தம் இங்கும் வந்து நின்றது.

ஐந்தோவன் சுருளையே நீக்கினார். சுருளும் வேண்டா, கண்ணாடியும் வேண்டா, காந்தத்தின் நடுவே ஒரே ஓர் இழை போதும் என்று முடிவு செய்தார். இழை எந்த அளவு மெல்லியதோ அந்த அளவு விரைவாக அசையும். காந்தம் எந்த அளவு வலியதோ அந்த அளவு சிறிய மின்னோட்டத்தையும் உணரும். ஆகவே, உலகில் கிடைக்கும் மிக மெல்லிய இழையையும் ஆய்வுக்கூடத்தில் அமைக்கக்கூடிய மிக வலிய காந்தத்தையும் அவர் ஒன்றுசேர்க்க வேண்டியிருந்தது. காந்த முனைகளுக்கு நடுவே கம்பியைக் கட்டும் எண்ணம் அவருக்கு மட்டும் தோன்றியதன்று. பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் கிளெமான் ஆதேர் என்பவர் கடலடித் தந்திச் செய்திகளைப் பெறுவதற்காக 1897ஆம் ஆண்டே இதைப் போன்ற கருவியைச் செய்திருந்தார். தந்திக்குப் போதுமான அந்தக் கருவி, இதயத்தின் மெல்லிய மின்னோட்டத்தை அளக்கப் போதாது.

இழை செய்த விதம் கதை போல இருக்கும். படிகக்கல்லின் சிறு துண்டைச் சூடேற்றி உருக்குவார்கள். அதனோடு ஓர் அம்பைப் பிணைத்து, அம்பை வில்லில் பூட்டி எய்வார்கள். அம்பு பறக்கும் வேகத்தில், உருகிய படிகம் சிலந்தி நூலைப் போல நீண்டு இறுகும். இது இங்கிலாந்து நாட்டு அறிஞர் பாய்ஸ் கண்ட முறை. இவ்வாறு பெற்ற இழையின் பருமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் ஐந்நூறில் ஒரு பங்கு. மனிதத் தலைமயிர் அதைவிடப் பல மடங்கு தடித்தது. படிகத்தில் மின்சாரம் பாயாது. எனவே, இழையின்மேல் மிக மெல்லிய வெள்ளிப் பூச்சு பூசப்பட்டது. மூச்சுக்காற்று பட்டாலே ஆடிவிடும் பொருளை எடுத்து, பூசி, காந்தத்தின் நடுவே இழுத்துக் கட்டுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

இழைக்கு நேர்மாறாக, காந்தம் பூதம் போன்றது. கனத்த இரும்பில் செம்புக் கம்பியைச் சுற்றி அமைத்த மின்காந்தம் அது. இடைவிடாமல் பாய்ந்த மின்சாரத்தால் அது கொதித்தது. ஆகவே, அதைச் சுற்றிக் குளிர்ந்த நீரை ஓடவிட வேண்டியிருந்தது. இழையின் அசைவு வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதனால் காந்த முனைகளில் துளையிட்டு, அவற்றினுள் நுண்ணோக்கியின் வில்லைகளைப் பொருத்தினார்கள். ஒரு பக்கத்திலிருந்து ஒளிமிக்க வில்விளக்கின் வெளிச்சம் பாயும். இழையின் நிழல் பல நூறு மடங்கு பெரிதாகி மறுபக்கத்தில் விழும். அங்கே மெல்லிய பிளவு ஒன்றின் பின்னால் ஒளிப்படத் தகடு சீரான வேகத்தில் நகரும். ஆரக்கால்கள் கொண்ட சக்கரம் ஒன்று சுழன்று வெளிச்சத்தை இடையிடையே மறைக்கும். அதனால் தகட்டில் நேரத்தைக் காட்டும் கோடுகளும் விழும். ஒருவர் விளக்கைக் கவனிக்க, ஒருவர் தகட்டை நகர்த்த, ஒருவர் நோயாளியைப் பார்த்துக்கொள்ள என ஆளுக்கொரு வேலை இருந்தது. நோயாளி இரண்டு கைகளையும் இடக்காலையும் உப்புநீர் வாளிகளில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

புதிய கருவியைப் பற்றி 1901ஆம் ஆண்டு ஐந்தோவன் கட்டுரை எழுதினார். அதனால் பதிவான இதயக் கோடுகளை அடுத்த ஆண்டுகளில் வெளியிட்டார். கூர்மையான அழகிய கோடுகள் தகட்டில் விழுந்தன. அவற்றை அவர் தம் பழைய கணக்குக் கோடுகளோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒத்திருந்தன! எட்டு ஆண்டுகளுக்கு முன்பு தாளில் கணக்கிட்டுக் கண்ட வளைவுகளை இப்போது இதயமே நேரடியாக எழுதிக் காட்டியது. பழைய பெயர்களை மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை. தகடு நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர வேண்டும் என்றும், ஆயிரத்தில் ஒரு வோல்ட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம் எழ வேண்டும் என்றும் அவர் வகுத்துக்கொண்டார். இன்றும் மருத்துவமனைகளில் தாள் அதே வேகத்தில்தான் நகர்கிறது. தாளிலுள்ள ஒரு சிறு கட்டம் 0.04 நொடியைக் குறிப்பது இதனால்தான்.

கருவி வெற்றி பெற்றது. ஆனால், அது யாருக்குப் பயன்படும்? ஆய்வுக்கூடத்தில் நலமுள்ளவர்களின் இதயத்தை எத்தனை முறை அளந்தாலும் நோயைப் பற்றி அறிய முடியாது. நோயாளிகளோ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையில் படுத்திருந்தார்கள். எழுந்து உட்காரவே மூச்சு வாங்குபவர்களை வண்டியில் ஏற்றி அழைத்து வருவது ஆபத்து. அவ்வளவு பெரிய காந்தத்தைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகவும் முடியாது. நோயாளியும் நகர முடியாது. கருவியும் நகர முடியாது. அப்படியானால், நகரக்கூடியது மின்சாரம் ஒன்றுதான். தொலைபேசிக் கம்பியின் வழியே இதயத்தின் மின்னோட்டத்தை மட்டும் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவர ஏற்பாடு செய்யப்பட்டது.

1905ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் முதல் பதிவு நடந்தது. மருத்துவமனையில் ஒருவர் கைகளை உப்புநீரில் வைத்தார். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால், இருண்ட அறையில் தொங்கிய இழை அவருடைய இதயத்துடிப்புக்கு ஏற்ப ஆடியது. அன்று அளக்கப்பட்டவர் நோயாளி அல்லர். நல்ல உடற்கட்டுள்ள ஆடவர். அவருடைய கோட்டில் ஆர் வளைவு மிக உயரமாக எழுந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைவரை அவர் மிதிவண்டியில் சென்றதே அதற்குக் காரணம் என்று கருதினார்கள். பிறகு உண்மையான நோயாளிகளின் கோடுகள் கம்பி வழியே வரத் தொடங்கின. வீங்கிய இதயத்தின் கோடு, இடையிடையே தவறித் துடிக்கும் இதயத்தின் கோடு, மேலறையும் கீழறையும் ஒன்றையொன்று கேளாமல் தனித்தனியே துடிக்கும் இதயத்தின் கோடு என அவர் 1906ஆம் ஆண்டு ஒவ்வொன்றாக வெளியிட்டார். தொலைவிலிருந்தே நோயாளியைப் பரிசோதிக்கும் முறையைப் பற்றி இன்று பெரிதாகப் பேசுகிறார்கள். அதன் தொடக்கங்களுள் ஒன்று லெய்டன் நகரில் சென்ற அந்தக் கம்பிதான்.

அடுத்து, பிற நாட்டு மருத்துவர்களுக்கும் கருவி கிடைக்க வேண்டும். மியூனிக் நகரில் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்று முதலில் முன்வந்தது. விற்பனையாகும் ஒவ்வொரு கருவிக்கும் ஐந்தோவனுக்கு உரிமத்தொகை தருவதாக ஒப்புக்கொண்டு, சில காலத்திற்குப் பின் தர மறுத்துவிட்டது. பிறகு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் கருவி நிறுவனம் அப்பணியை ஏற்றது. அதை நடத்தியவர் ஹோரஸ் டார்வின். பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வினின் மகன். இரண்டு அறைகளை அடைத்திருந்த கருவியை அந்நிறுவனம் சிறிது சிறிதாகச் சுருக்கியது. 1908ஆம் ஆண்டு எடின்பரோ நகர ஆய்வாளர் ஒருவருக்கு முதல் கருவியை வழங்கியது.

இலண்டனில் தாமஸ் லூயிஸ் என்னும் இளம் மருத்துவருக்கும் ஒரு கருவி கிடைத்தது. நாடி தாறுமாறாகத் துடிக்கும் ஒரு நோயின் காரணம் நெடுநாள் புதிராக இருந்தது. இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம் என்பதை 1909ஆம் ஆண்டு லூயிஸ் இக்கருவியின் துணைகொண்டு காட்டினார். தம் கருவியைத் தம்மைவிடச் சிறப்பாக நோயாளிகளிடம் பயன்படுத்தியவரைக் கண்டு ஐந்தோவன் பொறாமைப்படவில்லை. இருவரும் நெருங்கிய நண்பர்களாயினர். கருவியை உருவாக்கியவர் ஒருவர். அதன் மொழியைக் கற்று நோயாளியின் கட்டிலருகே பேசியவர் மற்றவர்.

ஐந்தோவனும் ஓய்ந்துவிடவில்லை. இரண்டு கைகளும் இடக்காலும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள் என்றும், இதயம் அதன் நடுவில் உள்ளது என்றும் வைத்துக்கொண்டு, மூன்று பக்கங்களிலும் அளந்த கோடுகளிலிருந்து மின்னோட்டத்தின் திசையைக் கணக்கிடும் வழியை 1912ஆம் ஆண்டையொட்டி வகுத்தார். ஐந்தோவன் முக்கோணம் என்று இன்றும் மருத்துவ மாணவர்கள் இதைக் கற்கிறார்கள்.

1924ஆம் ஆண்டின் மருத்துவத்திற்கான நோபல் பரிசு ஐந்தோவனுக்கு அளிக்கப்பட்டது. செய்தி வெளியானபோது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். பரிசுத்தொகையைப் பற்றி ஒரு செய்தி வழங்கி வருகிறது. கருவியை உருவாக்கிய காலத்தில் ஆய்வுக்கூடத்தில் அவருக்குத் தோள் கொடுத்த உதவியாளர் ஒருவர் இருந்தார். பரிசில் அவருக்கும் பங்குண்டு என்று ஐந்தோவன் எண்ணினார். தேடிச் சென்றபோது, உதவியாளர் ஏற்கெனவே இறந்துவிட்டார் என்றும், அவருடைய சகோதரிகள் இருவர் வறுமையில் வாடுகின்றனர் என்றும் தெரியவந்தது. ஐந்தோவன் தொகையில் பாதியை அச்சகோதரிகளுக்குக் கொடுத்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் கூறுவர். இழையைக் கட்டியவர்களும் விளக்கைப் பிடித்தவர்களும் பெரும்பாலும் வரலாற்றில் இடம்பெறுவதில்லை. அவர் அவர்களை மறக்கவில்லை.

அவருடைய மகன் வில்லெம் ஃபிரெடெரிக் மின்பொறியியலாளராக வளர்ந்தார். தந்தையும் மகனும் சேர்ந்து, காற்றை நீக்கிய கூட்டுக்குள் இன்னும் மெல்லிய இழையைப் பொருத்தினார்கள். காற்றின் தடை இல்லாததால் இழை மேலும் விரைவாக அதிர்ந்தது. இம்முறை அது அளந்தது இதயத்தை அன்று, வானொலி அலைகளை. ஜாவாவிலிருந்து அனுப்பிய கம்பியில்லாத் தந்திச் செய்திகளை நெதர்லாந்தில் அந்த இழை பெற்றுக்கொண்டது. பத்து வயதில் கப்பலேறி வந்த தீவின் குரல், அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அவர் கட்டிய இழையின் வழியாகவே அவரை வந்தடைந்தது. பின்னாளில் மகன் ஜாவாவின் பண்டுங் நகரிலிருந்த வானொலி ஆய்வுக்கூடத்தின் தலைவரானார்.

நெடுநாள் நோயுற்றிருந்த ஐந்தோவன், 1927ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் லெய்டனில் காலமானார். நகருக்கு அருகிலுள்ள ஊக்ஸ்ட்கேஸ்ட் என்னும் சிற்றூரின் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இழையைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அதே லெய்டன் நகரின் வேறோர் ஆய்வுக்கூடத்தில் காமர்லிங் ஓனஸ் என்னும் அறிஞர் குளிரை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1908ஆம் ஆண்டு அவர் ஹீலியம் வாயுவை நீர்மமாக்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தக் கடுங்குளிரில் பாதரசம் மின்சாரத்தைச் சிறிதும் தடுப்பதில்லை என்று கண்டார். அப்போது இந்த இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியிருக்காது.

மின்சாரம் ஓடும் இடத்தில் காந்தப்புலமும் உண்டாகும். ஆகவே, துடிக்கும் இதயத்தைச் சுற்றியும் ஒரு காந்தப்புலம் உண்டு. பூமியின் காந்தப்புலத்தில் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் அதன் வலிமை. 1963ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், பல இலட்சம் சுற்றுகள் கொண்ட கம்பிச் சுருள்களால் முதன்முதலில் அதை உணர்ந்தனர். 1970ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், வெளியுலகின் காந்தம் உள்ளே நுழையாதவாறு உலோகச் சுவர்களால் அறை ஒன்றை அமைத்து, ஸ்குவிட் என்னும் காந்த உணரியால் அது தெளிவாக அளக்கப்பட்டது. அந்த உணரியைக் குளிர்விக்க ஓனஸ் கண்ட நீர்ம ஹீலியமே பயன்பட்டது. ஐந்தோவன் குதிரை வண்டிகளின் அதிர்ச்சியை விலக்கப் பாறைகளை இட்டார். இவர்கள் ஊர்திகளும் மின்தூக்கிகளும் எழுப்பும் காந்த இரைச்சலை விலக்கச் சுவர்களை எழுப்பினார்கள். இம்முறை உப்புநீர் வாளிகளும் இல்லை, உடலில் ஒட்டிய கம்பிகளும் இல்லை. உணரி மார்பைத் தொடாமலே இதயத்தின் கோட்டை வரைந்தது. அந்தக் கோட்டின் மேடு பள்ளங்களுக்கும் பி, க்யூ, ஆர், எஸ், டி என்றே பெயர்.